மிச்சம் என்று எழுதச் சொன்னவள்

அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். அதை வேறு யார் தலையிலும் கட்டப் பார்க்கவில்லை. இருநூற்று அறுபது பிள்ளைகளின் வயிற்றில் அடித்தது ஓர் அதிகாரியின் பேனா என்றால், அந்தப் பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தது என் வாய். இதைச் சொல்லும்போதே என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் எனக்குப் பின்னால் அறை வாங்க வேண்டியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றியும் சொல்லாமல் விடப்போவதில்லை.

பதினான்கு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் மதியச் சமையல் என் கையில். கட்டடத்துக்குப் பின்பக்கம் சமையலறை. இரண்டு பெரிய அடுப்பு, ஒரு சிமெண்ட் மேடை, சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் பரிமாறுவது. கூட வேலை செய்பவள் என் நாத்தனார். வீட்டிலும் அவள், வேலையிலும் அவள், எனக்கு விடுமுறை என்பதே கிடையாது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்வேன். தனக்கு மட்டும் இருக்கிறதா என்று அவளும் சளைக்காமல் திருப்பிக் கேட்பாள். இப்படியே பாத்திரம் தேய்த்து முடித்துவிடுவோம்.

சமையலறைக்குப் பின்னால் முன்பு ஒரு சாக்கடைக் குட்டை இருந்தது. நாங்கள் கழுவி ஊற்றும் தண்ணீரெல்லாம் அங்கே தேங்கி நாறும். போன வருடம் புதிதாக வந்த அறிவியல் டீச்சர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அதைத் தூர்த்துத் தோட்டம் போட்டார். வந்த அன்றிலிருந்து அவருக்குத் தோட்டத்து டீச்சர் என்று பேராகிவிட்டது. எட்டுப் பாத்தி. கீரை, முள்ளங்கி, கத்தரி, தக்காளி, கம்பியில் ஏறிய பீன்ஸ். கழுவிய தண்ணீர் மணல் தொட்டியில் வடிந்து பாத்திக்குப் போகும். நீடித்த உணவு என்று பலகையில் எழுதிப்போட்டு, மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்து, அடுத்த வருடமும் எடுக்கிற மாதிரி சாப்பிடுவதுதான் அது என்று விளக்கினார். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புரிந்தது. நல்ல டீச்சர். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு நீல டிரம் வந்தது. சுற்றிலும் ஓட்டை போட்டு, ஒரு கட்டையில் படுக்க வைத்து, தினமும் உருட்டுவார்கள். பிள்ளைகள் அதற்குக் குண்டு மாமா என்று பேர் வைத்தார்கள். காய்த் தோல், காம்பு, நார், கொட்டை, முட்டை ஓடு, டீத்தூள் சக்கை எல்லாம் குண்டு மாமாவுக்குத்தான். போடுவதற்கு முன்னால் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டுக்குப் பொறுப்பாக ஒரு பெண்ணை டீச்சர் போட்டார். பின்னலில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிவாள். அதனால் அவளுக்குப் பேரே பென்சில்தான். என் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாத நாளில்கூட, அந்த நோட்டில் நேற்று எத்தனை கிலோ என்று அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு பிள்ளை.

முதல் நாள் அவள் நோட்டோடு ஜன்னலுக்கு வந்தாள். மேலே மதிய உணவுக் கூடம் என்று எழுதிவிட்டாள். கட்டம் போட்டுவிட்டாள். கட்டத்துக்குத் தலைப்பு டீச்சரின் தாளில் கரிமக் கழிவு என்று இருந்தது.

"அக்கா, கழிவுன்னா கக்கூஸ்ல போறதுதானே? அதையா எழுதணும்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா இது? அது பிள்ளை மேல் வந்த கோபம் இல்லை, அந்த வார்த்தை மேல் வந்த கோபம்.

"அடுப்படியில நின்னு அந்தப் பேச்சுப் பேசாதே. சாப்பாட்டுச் சாமான் எதுவும் கழிவு கிடையாது. மிச்சம்னு எழுது."

எழுதினாள். குண்டு குண்டாக, அடியில் இரண்டு கோடு போட்டு. மதிய உணவுக் கூடம், மிச்சம். எங்கள் அடுப்படியில் மிச்சம் என்றால் நறுக்கியது போக நிற்பது எல்லாமே மிச்சம்தான். தட்டில் வைத்துவிட்டுப் போகிற சோறும் மிச்சம், வெங்காயத் தோலும் மிச்சம். தட்டில் யாரும் வைத்துவிட்டுப் போவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பிடி தேறினால் அதிகம். அதனால் அந்த இரண்டுக்கும் வெவ்வேறு வார்த்தை வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஒன்பது கிலோ வந்தது. டீச்சர் ஒரு வரைபடம் ஒட்டினார். எரு நிறைய வேண்டும், கோடு மேலே ஏற வேண்டும் என்றார். பிள்ளைகளிடம் கோடு மேலே ஏற வேண்டும் என்று சொன்னால் போதுமா? வீட்டிலிருந்து பையில் தோல் கொண்டு வந்தார்கள். மதில் ஓரத்துக் களையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். தெருமுனை ஜூஸ் கடைக்காரர் தினமும் ஒரு சாக்கு ஆரஞ்சுத் தோலும் அன்னாசிச் சீவலும் கொடுத்தார். பென்சில் ஒன்றையும் விடமாட்டாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எடை பார்த்து எழுதுவாள். பன்னிரண்டு, பதினேழு, இருபத்தொன்று, கடைசியில் இருபத்தைந்து கிலோ. குண்டு மாமா வயிறு வெடிக்கப் போகிறது என்று என் நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கீரை முழங்கால் உயரம் வந்தது. காலையில் அறுத்த கீரை மதியம் பருப்பில் கிடந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

பருவத்துக்கு ஒரு முறை உணவுப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வருவார். பையில் ஒரு கொக்கித் தராசு இருக்கும். உப்புப் பாக்கெட்டைக்கூட அதில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். தராசு சார் என்று நாங்கள் கூப்பிடுவது அவருக்குத் தெரியாது. குரலை உயர்த்தவே மாட்டார். கத்துகிற மனுஷனாக இருந்தால் பதிலுக்குக் கத்தித் தீர்த்துக்கொள்ளலாம். இவரிடம் அதுவும் முடியாது. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், பாராட்டினார். பென்சிலின் நோட்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் போனில் படம் எடுத்துக்கொண்டார். இவ்வளவு சுத்தமான பதிவை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை என்றார். அந்தப் பெண்ணுக்குக் காது வரை சிரிப்பு. நான் என் கையால் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

அடுத்த பருவம் தொடங்கியபோது அரிசி நாளைக்கு முப்பத்திரண்டு கிலோவுக்குப் பதில் இருபத்துநான்கு கிலோ வந்தது. பருப்பும் காயும் அதே மாதிரி கால் பங்கு குறைச்சல். மூட்டையை ஏதோ தவறாக இறக்கிவிட்டார்கள் என்று நினைத்துத் தலைமை டீச்சரிடம் போனேன். மேலிடத்துக் கடிதம் வந்திருக்கிறது, இனிமேல் அளவு இவ்வளவுதான் என்றார். காரணம் என்ன என்று கேட்டேன். அதெல்லாம் எல்லா இடத்திலும் சிக்கனம் பண்ணுகிறார்கள், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு, போன் மணி அடித்ததும் அதை எடுத்துக்கொண்டார். கடிதத்தைக் கடைசி வரி வரை அவர் படிக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அனுசரித்துப் போவது. யார், எதை அனுசரிப்பது? எட்டுக் கிலோ அரிசியை நான் என் முந்தானையிலிருந்தா எடுத்துப் போடுவேன்?

அனுசரித்தேன். வேறு என்ன செய்வது. பெரிய அகப்பையை உள்ளே வைத்துவிட்டு, அதைவிடச் சின்னது ஒன்றை எடுத்தேன். பருப்பில் தண்ணீர் கூடியது. முன்பெல்லாம் ஒரு பிள்ளை சாப்பிட்டுவிட்டு மறுபடி தட்டோடு வந்தால் கேள்வியே கிடையாது, போடுவேன். இப்போது முதல் தடவை எல்லாருக்கும் போட்டு முடிக்கும்போதே பாத்திரத்தில் கரண்டி தட்டும். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும். நானும் நாத்தனாரும் எங்கள் பங்கையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். இரண்டு பேர் பங்கு எத்தனை பேருக்குக் காணும்?

வீட்டில் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை மதியம் யார் முதலில் ஓடி வருகிறார்களோ அவர்கள்தான். பதினான்கு வருடமாக அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவர்கள் சாப்பிட்டு முடித்தபின் குழாயடியில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். தட்டுகள் கழுவ வேண்டிய அவசியமே இல்லாமல் திரும்பி வந்தன.

மூன்றாவது வாரம், ஏழாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரைத் தோட்டத்து டீச்சர் பீன்ஸ் கம்பிக்குப் பின்னால் பிடித்தார். முள்ளங்கியைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள், மண்ணைக்கூடச் சரியாகத் துடைக்காமல். அடுத்த மாதக் கண்காட்சிக்கு என்று வைத்திருந்த பாத்தி. முள்ளங்கித் தழையைக் கையில் பிடித்துக்கொண்டு பாத்தி ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பு முழுக்க வேடிக்கை பார்த்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையில் இருந்த கரண்டியோடு அப்படியே இறங்கிப் போனேன்.

"உள்ளே போங்கடி ரெண்டு பேரும். கையக் கழுவுங்க," என்றேன்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் இப்படித் தலையிடக் கூடாது, இது திருட்டு, எல்லாரும் சேர்ந்து வளர்த்ததைத் தனியாகத் தின்பது பாடத்துக்கே விரோதம் என்று பேசிக்கொண்டே போனார். நான் குறுக்கே விழுந்தேன்.

"சாப்பாடு எங்கேருந்து வருதுன்னு ஒரு வருஷமா சொல்லிக் கொடுத்தீங்க டீச்சர். பசிச்சதும் அங்கேயே போயிருக்காங்க. நல்லாத்தான் படிச்சிருக்காங்க."

பசியா என்று கேட்டார். டிபன் டப்பாவைத் திறந்து டீச்சர்கள் அறையில் சாப்பிடுகிறவருக்கு எங்கள் கரண்டிச் சத்தம் எங்கே கேட்கப் போகிறது? அரிசி குறைந்ததைச் சொன்னேன். சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்பதும் உண்மைதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. விறுவிறுவென்று அலுவலக அறைக்குப் போய் அந்தக் கடிதத்தை வாங்கி வந்தார். பாத்தி ஓரத்தில் நின்றே வாசித்தார். கடைசி வரியில் இப்படி இருந்தது: சமைக்கப்படும் உணவில் நான்கில் ஒரு பங்கு தினமும் மிச்சமாவதாகப் பள்ளியின் சொந்தப் பதிவேடே காட்டுவதால், ஒதுக்கீடு அந்த அளவுக்குக் குறைக்கப்படுகிறது.

டீச்சர் அதை இரண்டாவது முறை வாசித்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பென்சிலுக்கு விளங்கிவிட்டது.

"அது என் நோட்டு, அக்கா," என்றாள்.

அந்தப் பிள்ளையின் முகத்தை நான் சொல்லப் போவதில்லை. யாராவது ஒரு பெரிய ஆள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பார்த்துவிட்டு ராத்திரி தூங்கியிருக்கக் கூடாது. முன்பு ஒரு நாளைக்கு நாங்கள் சமைத்து இறக்கியது சுமார் நூறு கிலோ, நோட்டில் இருந்தது இருபத்தைந்து. ஆரஞ்சுத் தோல் சுமந்து சுமந்து தங்கள் சோற்றைத் தாங்களே குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடு மேலே ஏற ஏற, கரண்டி சின்னதாகியிருக்கிறது. எல்லாம் என் வாயில் வந்த ஒரு வார்த்தை. கழிவு என்றே எழுத விட்டிருந்தால் எந்த அதிகாரி அதைச் சோறு என்று நினைத்திருப்பான்?

அது நான் சொன்ன வார்த்தை, உன் மேல் தப்பே இல்லை என்று அவளிடம் எத்தனையோ முறை சொன்னேன். தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து வரிசையில் கடைசியில் நிற்க ஆரம்பித்தாள். அவள் முறை வரும்போது பாத்திரத்தின் அடியில் ஒட்டியதுதான் இருக்கும். முன்னால் வா என்று கூப்பிட்டாலும் வரமாட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

டீச்சர் விளக்கம் எழுதி அனுப்பினார். நேரில் வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்துத் தராசு சார் வந்தார். டீச்சர் வரைபடத்தை வைத்துக்கொண்டு மரியாதையாக, மெதுவாக விளக்கினார். அவரும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, நோட்டில் மிச்சம் என்றுதானே போட்டிருக்கிறது, மிச்சம் என்றால் மிச்சம்தானே என்றார்.

பேசிப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாத்தனாரைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகக் குண்டு மாமாவைக் கட்டையிலிருந்து இறக்கி உருட்டிக்கொண்டு வந்து, ஒரு தார்ப்பாயை விரித்து, அவர் காலடியில் கவிழ்த்தோம். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"இதுல ஒரு பருக்கை எடுத்துக் காட்டுங்க சார். ஒரே ஒரு பருக்கை. அப்புறம் அரிசியே அனுப்ப வேணாம்," என்றேன்.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறேன்: குனிந்து பார்த்தார். பேனா முனையால் கிளறியும் பார்த்தார். தோல், காம்பு, களை, முட்டை ஓடு. அன்னாசிச் சீவலைக் கண்டதும் நிமிர்ந்து, நாங்கள் அன்னாசி ஒதுக்குவதே இல்லையே என்றார். ஜூஸ் கடை என்று பென்சில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வருகிறது. சரி, இது தப்பாகப் புரிந்துகொண்டதுதான், ஒப்புக்கொள்கிறேன் என்றார். நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினாள். முடிந்தது என்றே நினைத்தோம்.

இப்போது தட்டு மிச்சம் எவ்வளவு வருகிறது என்று கேட்டார். டீச்சர் கள்ளங்கபடம் இல்லாமல், ஒன்றுமே வருவதில்லை, சைபர் என்றார்.

"சைபர்னா அளவு கச்சிதமா இருக்குன்னுதானே டீச்சர் அர்த்தம்," என்றார் அவர்.

மிச்சம் இருந்தால் அதிகம் என்று வெட்டுவார்கள். மிச்சம் இல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். பசி என்ற ஒன்று இதில் எங்கே வரும்? நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். சைபர் என்றால் தட்டை நக்கிச் சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம், குழாயடியில் வந்து பாருங்கள், முள்ளங்கிப் பாத்தியில் வந்து பாருங்கள் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் நான் மேலே எழுதுவதற்கு ஒரு பதிவு வேண்டுமே, மிச்சத்துக்குப் பதிவு இருந்தது, குறைச்சலுக்குப் பதிவு எங்கே என்றார். ஒரு மாதம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுத் தராசைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கவிழ்த்ததை நாங்களேதான் அள்ளிப் போட்டோம். பத்துத் தட்டில் சோற்றை வைத்துவிடச் சொல்லிக் கணக்குக் காட்டலாமா அண்ணி என்று நாத்தனார் கேட்டாள். காட்டினால் இன்னும் பத்துக் கிலோ வெட்டுவான், வாயை மூடிக்கொண்டு அள்ளு என்றேன். பாவம், அவள் என்ன செய்வாள், என் கோபம் அவள் தலையில்தான் விடிந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பென்சில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் ஓரமாகப் போட்டாள். நோட்டில் புதுப் பக்கம். கட்டம் போட்டிருந்தாள். தலைப்பை இந்த முறை என்னிடம் கேட்கவில்லை, அவளே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டும் போடாதது.

"இதென்னடி, போடாததுன்னா? போடாதவ நான்தானே?" என்றேன்.

"ஆமாக்கா. யாராவது ரெண்டாந்தடவை கேட்டு, நீங்க இல்லைன்னு வாயால சொன்னீங்கன்னா ஒரு கோடு. சும்மா தலையாட்டினா எழுத மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வயது. நான் பெற்றிருந்தால் இப்படிப் பேசவிட்டிருப்பேனா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம் தட்டோடு ஒரு பிள்ளை வந்து நின்றது, கொஞ்சம் சோறு கேட்டது. பாத்திரத்தைப் பார்த்தேன். இல்லை என்றேன். பக்கத்தில் பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது.

சோறு போடுவது என் வேலை. இல்லை என்று சொல்வதை ஒரு வேலையாக அந்த மாதம் முழுக்கச் செய்தேன். முதல் நாள் அறுபத்தொரு கோடு. சாயங்காலம் எண்ணிப் பார்த்துவிட்டு இது பொய் என்றாள் பென்சில். நிறையப் பேர் கேட்பதையே விட்டுவிட்டார்கள், கிடைக்காது என்று தெரிந்து நேராகக் குழாயடிக்குப் போகிறார்கள், அதனால் குறைச்சலாக வருகிறது என்றாள். அடுத்த நாள் வகுப்பு வகுப்பாகப் போய், இல்லையென்று தெரிந்தாலும் பசித்தால் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். எண்பத்தேழு. தொண்ணூற்று நான்கு. நூற்றுப் பதினெட்டு. வேண்டுமென்றே மூன்று முறை வந்து கேட்ட ஒரு வாலுக்கு ஒரு கோடுதான் போட்டாள். மற்ற இரண்டுக்கும் ஏன் போடவில்லை என்று அது சண்டை பிடித்தது. இது விளையாட்டு இல்லை என்று அதட்டி அனுப்பினாள். டீச்சர் தினமும் கீழே கையெழுத்துப் போட்டார். அவரும் இப்போதெல்லாம் டிபன் டப்பாவைத் திறப்பதில்லை, கூடத்தில் வந்து நின்றார். தலைமை டீச்சர் ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடாதா என்று கேட்டார். கெட்டால் கெடட்டும் என்றேன். அதற்கு மேல் அவர் நிற்கவில்லை.

ராத்திரி வீட்டில் என் கணவர் ஏதாவது வேண்டுமா என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் இல்லை என்று வாயில் வந்துவிடும். அந்த அளவுக்கு நாக்கில் ஏறிவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் முகம் உண்டு. கேட்கும்போது ஒரு முகம், இல்லை என்றதும் ஒரு முகம். அதிகாரிக்குப் பதிவு வேண்டும் என்பதற்காக அந்த இரண்டாவது முகத்தை நான் தினமும் நூறு தடவை பார்த்தேன். இந்தக் கோபம் எனக்கு ஆறாது. ஆறக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

இருபத்தொன்றாம் தேதி தராசு சார் வந்தார். நல்ல வேளையாகச் சாப்பாட்டு நேரம். இந்த முறை நான் டீ போடவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில், பென்சிலின் முக்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். பிள்ளைகள் வந்தார்கள், கேட்டார்கள். இல்லை என்றேன், இல்லை என்றேன், இல்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்தார், அப்புறம் பிள்ளைகளைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். இதெல்லாம் இன்றைக்கு நான் வந்ததற்காகச் சொல்லி வைத்ததா என்று டீச்சரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

பென்சில் எழுந்தாள். நோட்டை முக்காலியில் வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு மாதமாக அவள் ஒரு தடவைகூட இரண்டாவது சோறு கேட்டதில்லை. எழுதுகிறவள் கேட்கக் கூடாது என்று அவளாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாளோ, இல்லை அந்தப் பழைய நோட்டுக்காகத் தன்னைத் தானே பட்டினி போட்டுக்கொண்டாளோ, எனக்குத் தெரியாது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கக்கா. பசிக்குது," என்றாள்.

என் கையில் கரண்டி இருந்தது. பாத்திரத்தில் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தேன், வரவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். வாயால் சொன்னால்தான் கோடு.

"இல்லைம்மா."

திரும்பிப் போனாள். முக்காலியில் உட்கார்ந்தாள். தனக்கு ஒரு கோடு போட்டாள். போட்டுவிட்டு நோட்டை அவரிடம் நீட்டினாள்.

அவர் எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். தராசை எடுக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. அங்கேயே ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து, பழைய ஒதுக்கீடே தொடரலாம், முப்பத்திரண்டு கிலோ, ஒன்றாம் தேதியிலிருந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெட்டியது அந்தக் கை, சேர்த்ததும் அந்தக் கை. எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நிமிடத்து வேலைக்காக எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தொண்டை வரை வந்தது. யாராவது நன்றி சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்த்த மாதிரி இருந்தது. டீச்சர் மட்டும் தலையை அசைத்தார்.

தராசு சார் நோட்டை மூடித் தன் பையில் வைக்கப் போனார். பென்சில் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணாம் தேதி வரைக்கும் இன்னும் ஏழு நாள் பள்ளிக்கூடம் இருக்கு சார். நோட்டு எனக்கு வேணும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு நோட்டை விட்டுவிட்டார். அவள் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வரிசையில் நின்ற அடுத்த பிள்ளை தட்டை நீட்டியது. அவரை நேராகப் பார்த்துக்கொண்டே நான் இல்லை என்றேன். அவள் கோடு போட்டாள்.